மடக்கு போனுக்கு ஒரு நாள் தவணை

பெரிய போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்று ஊக்கில் மாட்டிக்கொண்டு மஞ்சுஷா படுக்கப் போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஒரு போனுக்கா இத்தனை பாடு என்று கேட்பவர்கள், அவளுடைய வீட்டில் ஒரே ஒரு சாயங்காலம் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் காலனி வீடு. ஒரே ஒரு அறை, அங்கத்துப் பேச்சில் முறி; ஒரு அடுக்களை, பின்பக்கம் குளியலறை. புருஷன் ஷிபு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவன் விமானம் ஏறி இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகின்றன. தினமும் ஏழரை மணிக்கு வீடியோ காலில் வருவான். வந்ததும் முதல் பேச்சு, முறியைக் காமி என்பதுதான்.

மஞ்சு போனைக் கையில் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கட்டில், அலமாரி, கதவுக்குப் பின்னால், அடுக்களை. ஆரம்பத்தில், பாவம், வீட்டைப் பார்க்கிற ஏக்கம் என்றுதான் நினைத்தாள். சந்தோஷமாகவே சுற்றிக் காட்டினாள். சுவரில் மகள் அதிதி கிறுக்கிய படத்தைக்கூடக் கிட்டே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அந்த ஏக்கம் எந்த மாதத்தில் சந்தேகமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது.

போன வெள்ளிக்கிழமை, மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் போனை எடுக்கத் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை அடித்து நின்று மூன்றாவது தடவைதான் எடுத்தாள். ஷிபு கத்தவில்லை. யாரு இருக்கா அங்க என்று மட்டும் கேட்டான். மஞ்சு முறியைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எட்டு வயது அதிதி, ஈரத் தலையோடு ஓடிவந்து, கட்டிலிலிருந்து தொங்கிய விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துச் சொன்னாள்.

"கட்டிலுக்கடியிலயும் ஆரும் இல்ல அப்பா. நான் நோக்கிட்டேன்."

குழந்தைக்கு அது ஒரு விளையாட்டு. தினமும் அப்பாவும் அம்மாவும் விளையாடுகிற விளையாட்டில் தானும் சேர்ந்துகொண்டதாக அவளுக்கு நினைப்பு. மஞ்சுவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கட்டிக்கொண்டவன் சந்தேகப்பட்டதை இத்தனை மாதமாகப் பொறுத்தவளுக்கு, பெற்ற மகள் தன்னைச் சோதனை போட்டதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வருகிற வழியில், தோப்பும்படியில் ஒரு கடையில் ஏறி, மடக்குகிற பட்டன் போன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். இருப்பதிலேயே மட்டமான ரகம். வீடியோ கால் வராது, வாட்ஸாப் கிடையாது. அதற்காகத்தான் வாங்கினாள்.

அவளுக்கு ஷிபுவை விட்டுவிட வேண்டும் என்று இல்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவன் குரல் வேண்டும், அவன் வேண்டும், அவனுடைய கண் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. இந்தப் போனை வைத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டிவிட முடிந்தால் இந்தக் கல்யாணமும் பிழைத்துக்கொள்ளும் என்று அவள் மனதார நம்பினாள்.

குறுக்கே நின்றது மாமியார் முனியாயி.

முனியாயி கார்ப்பரேஷனில் முப்பத்தொரு வருஷம் பஜார் ரோட்டைப் பெருக்கி ஓய்வு பெற்றவள். தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். அவள் வாய்க்குக் காலனியே பயப்படும், ஆனால் மருமகளிடம் இதுவரை குரலை உயர்த்தியதில்லை. அப்படிப்பட்டவள் ஐந்து நாளாக இந்த மடக்கு போனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளையின் பள்ளிக்கூடக் காரியம் எல்லாம் வாட்ஸாப்பில்தான் வருகிறது, ஓட்டல் வேலையும் அதில்தான் வருகிறது, இதெல்லாம் ஒப்பேறாது என்று ஒரே பாட்டு. நீங்க பட்டன் போன்தானே வெச்சிருக்கீங்க என்று மஞ்சு கேட்டதற்கு, எனக்கென்ன பள்ளிக்கூடமா ஜோலியா என்று வாயை அடைத்துவிட்டாள்.

கடைசியில் புதன்கிழமை ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

"ஒரு நாளு பாரு. நாளைக்கு விளக்கு வைக்க முன்ன எதாச்சும் முடங்கிச்சுன்னா, சிம்மைப் பழையபடி பெரிய போன்ல போட்டுரணும். செரிதானா?"

மஞ்சு சரி என்றாள். அன்று சாயங்காலமே, இனி இந்தப் போனை ஓஃப் ஆக்கி வைக்கப் போகிறேன், வேண்டுமானால் சாதா காலில் விளித்தால் மதி, அது போதும் என்று ஷிபுவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். பதில் வருவதற்குள் போனை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பதிலைக் கேட்டால் மனது மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை எழுந்ததும் சிம்மை மாற்றினாள். பெரிய போனின் பொடி சிம் புதுப் போனின் குழியில் நிற்கவில்லை. கடைக்காரன் கொடுத்திருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் அதைப் பொருத்தி, கொண்டை ஊசியால் அழுத்தி, எப்படியோ உட்கார வைத்தாள். மூடியைத் திறந்ததும் போன் பெருங்குரலில் ஒரு பாட்டுப் பாடிற்று. அதிதி கை தட்டினாள். முனியாயி அடுக்களையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதிதிக்குத் தலை பின்னும்போது ஒரு மெசேஜ் வந்தது. திறந்து பார்த்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாக இருந்ததே தவிர ஒரு எழுத்தும் இல்லை. ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்து மூடிவிட்டாள். யூனிஃபார்மைப் போட்டு, மழைக்கோட்டு போர்த்திய மற்றப் பிள்ளைகளோடு மகளைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டு, ஃபோர்ட் கொச்சிக்கு பஸ் பிடித்தாள்.

அவளுக்கு வேலை ஒரு சின்ன ஓட்டலில். பன்னிரண்டு முறி, அத்தனையின் விரிப்பும் துண்டும் தலையணை உறையும் அவள் கைவழியாகத்தான் வெளுத்துப் போக வேண்டும். எந்த முறி காலியாகிறது, எதில் புது ஆள் வருகிறார் என்று சூப்பர்வைசர் ரமேஷ்பாபு காலையில் குரூப்பில் போடுவார். இனி வாயால் சொல்ல வேண்டும் என்று மஞ்சு கேட்டுக்கொண்டபோது, உலகமெல்லாம் முன்னால் போகும்போது நீ மட்டும் ஏன் பின்னால் போகிறாய் என்று அவர் சிரித்தார். ஆனாலும் நல்ல மனிதர். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் முறி நம்பர்களை எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

மஞ்சு நியாயமானவள். தான் ஆசைப்பட்டு வாங்கிய போன் என்பதற்காக அதற்குச் சலுகை காட்டவில்லை. துணி துவைத்துக்கொண்டே மனதுக்குள் மார்க் போட்டாள்.

ஈரக் கையோடு எடுத்தால் பெரிய போன் எந்த விரலையும் மதிக்காது, சேலையில் கையைத் துடைத்துத் துடைத்துத் தேய்க்க வேண்டும். இதில் சோப்பு நுரையோடு அமுக்கினாலும் பட்டன் வேலை செய்தது. அதற்கு நல்ல மார்க். வாஷிங் மெஷின் ஓடும்போதும் மணி கேட்டது. மடியிலிருந்து சிமெண்டுத் தரையில் ஒரு தடவை விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. காலையிலிருந்து சார்ஜ் ஒரு கோடுகூட இறங்கவில்லை.

சாயாக்கடையில் ஸ்கேன் பண்ண முடியாதது ஒரு குறை. சில்லறை கொண்டுவந்திருந்தாள், சமாளித்தாள். நேரம் பார்ப்பதற்காகத் திறந்தால் நேரம் மட்டும்தான் தெரிந்தது என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. வழக்கமாக இந்நேரத்துக்குள் நாலு தடவையாவது, அவன் ஆன்லைனில் இருக்கிறானா, தன் மெசேஜை எப்போது பார்த்தான் என்றெல்லாம் பார்த்திருப்பாள். இன்று பார்க்க ஒன்றும் இல்லை. மனதுக்கு நிம்மதியா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு அமைதி.

பதினொரு மணிக்கு மணி அடித்தது. சைபரில் ஆரம்பிக்கிற ஏதோ ஒரு நம்பர்.

"மஞ்சூ" என்றது ஷிபுவின் குரல்.

அவள் அப்படியே நனைந்த விரிப்புகள் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கம்பெனி போனிலிருந்து பேசுவதாகவும் ரெண்டு மினிட்டுதான் என்றும் அவன் சொன்னான். ஏன் போனை அணைத்தாய் என்று சண்டைக்கு வருவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சண்டைக்கு வரவில்லை. முறியைக் காமி என்று சொல்லவும் வழியில்லை.

"சோறுண்டியா?" என்றான்.

"பதினொண்ணு மணிக்கா சேட்டா?"

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அங்கே மழையா என்று கேட்டான். மூன்று நாளாக விடாமல் பெய்கிறது, துணி ஒன்றும் உலரவில்லை என்றாள். இங்கயும் என்று ஆரம்பித்தவன் நிறுத்தி, இங்க நல்ல சூடு என்றான்.

பிறகு குரல் இறங்கிவிட்டது.

"அன்னைக்கு மோளு கட்டிலுக்கடியில பாத்தாள்ல... அதுக்குப் பொறவு எனக்கு உறக்கமே இல்ல மஞ்சு. நான் என்னத்த செஞ்சு வெச்சிருக்கேன்னு..."

முடிக்கவில்லை. முடித்திருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது, அத்தனை அழுகை. முகத்தைக் காட்ட வேண்டியிருந்தால் இந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தே இருக்காது, தானும் இப்படி அழுதிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது. பொறவு விளிக்கேன் என்று அவன் வைத்துவிட்டான்.

கல்ஃபிலிருந்து வருகிற சாதா கால் சில சமயம் சம்பந்தமில்லாத ஒரு உள்ளூர் நம்பரைக் காட்டும். காலனியில் கல்ஃபில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் இது தெரிந்த சங்கதி. அந்த நம்பருக்குத் திரும்ப அடித்தால் போகாது. அது தெரிந்தும் மஞ்சு அந்த நம்பரைச் சேமித்தாள். அடுத்த தடவை வரும்போது அவன் பெயர் தெரிய வேண்டும் என்கிற ஆசைதான். மலையாள எழுத்து இந்தப் போனில் இல்லை. இங்கிலீஷ் எழுத்தில், ஏழாம் பட்டனை நாலு தடவை, நாலாம் பட்டனை இரண்டு தடவை என்று அமுக்கி அமுக்கி, புருஷன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக முளைக்க வைத்தாள். கல்யாணப் பத்திரிகையில் பார்த்த பிறகு அந்தப் பெயரை இத்தனை ஆசையாக அவள் பார்த்ததில்லை.

மடக்கு போனுக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டாள்.

அந்த மார்க் மூன்றரை மணி வரைக்கும்தான் நின்றது.

பள்ளிக்கூட வண்டியிலிருந்து அதிதியின் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் உடுப்பில் இறங்கினார்கள். அதிதி மட்டும் யூனிஃபார்மில் இறங்கினாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. இன்று வகுப்பு போட்டோ. எல்லோரும் மஞ்சள் உடுத்து வர வேண்டும் என்று டீச்சர் நேற்று சாயங்காலம் குரூப்பில் போட்டிருக்கிறார். யூனிஃபார்மில் வந்த ஒரே பிள்ளையைக் கடைசி வரிசையில், இரண்டு உயரமான பையன்களுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்களாம்.

பக்கத்து வீட்டு ஜிஷாவின் மகனும் அதே வகுப்பு. குரூப்பில் எது வந்தாலும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவள் அவள். மஞ்சு போய்க் கேட்டபோது ஜிஷா பதறிப்போய்த் தன் போனை எடுத்துக் காட்டினாள். காலை ஏழரைக்கே அனுப்பியிருக்கிறாள், அச்சு மலையாளத்தில், மஞ்சள் உடுப்பு மறக்கண்டா என்று. மஞ்சு தன் போனைத் திறந்து பார்த்தாள். காலையில் வந்த கட்டம் கட்டமான விளம்பரம் அதுதான். ஜிஷா மேல் குற்றமில்லை. மலையாளம் தெரியாத போனை வாங்கி வைத்துக்கொண்டு கொச்சியில் குடித்தனம் நடத்தலாம் என்று நினைத்தது யார் குற்றம்?

இருந்தாலும் அவள் தளரவில்லை. ஜிஷாவை இனிமேல் இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கச் சொன்னால் தீர்ந்தது. மகளுக்கு ஒரு போட்டோ போயிற்று, வாஸ்தவம். ஆனால் புருஷன் கிடைத்திருக்கிறானே. பதினொரு மணிக்குக் கேட்ட அந்தக் குரலுக்காக இன்னும் பத்துக் குறையைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள்.

வீட்டில் முனியாயி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, மண் ஒட்டிய கப்பைக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பேத்தியின் முகத்தையும் உடுப்பையும் பார்த்தாள். சங்கதி ஜிஷா வீட்டிலிருந்து முன்பே வந்து சேர்ந்திருந்தது.

விளக்கு வைக்க முன்னமே முடங்கிவிட்டதே என்றாள். குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. கெஞ்சல் இருந்தது. அந்தச் சாவியை எடு, சிம்மை மாற்று, பிள்ளையை அழ விடாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மஞ்சு அவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். வெட்கத்தோடுதான் சொன்னாள்.

"அத்தே, சேட்டன் இன்னைக்கு விளிச்சாரு. இந்தப் போன்ல. எத்தன நல்லா பேசினாரு தெரியுமா."

முனியாயியின் கையில் கத்தி நின்றது.

"எந்த நம்பர்ல இருந்து?"

என்ன பேசினான் என்று கேட்கவில்லை, எப்படி இருக்கிறான் என்றும் கேட்கவில்லை. நம்பரைத்தான் கேட்டாள். மஞ்சுவுக்கு அப்போது அது உறைக்கவில்லை. கம்பெனி போன் என்றும், கல்ஃப் கால் எப்போதும் இப்படித்தானே ஏதாவது நம்பர் காட்டும் என்றும் விளக்கினாள்.

"ஆமா ஆமா. அது அப்படித்தான் காட்டும்" என்றாள் முனியாயி அவசரமாக. "அதுல திரும்ப அடிக்காத. போகாது. சும்மா காசுதான் போகும்."

அதிதிக்கு அப்பா என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் திரும்ப வந்துவிட்டது. அப்பாவிடம் போட்டோ சங்கதியைச் சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும். அப்பா அடித்தால்தான் பேசலாம், நாம் அடித்தால் போகாது என்று மஞ்சு பொறுமையாகச் சொன்னாள். பிள்ளை நம்பவில்லை. அம்மா வேண்டுமென்றே அப்பாவை ஒளித்து வைத்திருப்பதாகத் தரையில் புரண்டு கத்தினாள்.

சரி, அதன் காதாலேயே கேட்கட்டும், நம்பர் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொல்வதைக் கேட்டால் அடங்கிவிடும் என்று நினைத்துத்தான் மஞ்சு போனைத் திறந்தாள். காலையில் முளைக்க வைத்த பெயரைத் தேடி, பச்சைப் பட்டனை அமுக்கினாள்.

வேண்டாம் என்று முனியாயி எழுந்திருக்கப் பார்த்தாள். மூட்டு வலிக்காரி, கையை ஊன்றி எழுவதற்குள் நேரமாகிவிட்டது.

மறுமுனையில் மணி அடித்தது.

மஞ்சு போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். ஷிபு என்றுதான் இருந்தது. திரும்பக் காதில் வைத்தாள். நாலாவது மணியில் யாரோ எடுத்தார்கள். பின்னால் சுத்தியல் சத்தம், யாரையோ ஏதோ தூக்கச் சொல்கிற சத்தம்.

"பட்டறைங்க. சொல்லுங்க."

தமிழ். மஸ்கட்டில் தமிழ் ஆட்கள் எவ்வளவோ பேர் என்று அவள் மனது அப்போதும் அவனுக்காக வாதாடியது. ஷிபு இருக்கிறாரா என்று கேட்டாள். தொண்டை கட்டியிருந்தது, குரல் அவளுக்கே அடையாளம் தெரியாத மாதிரி கரகரத்து வந்தது.

"ஷிபு அம்மாங்களா? எப்பவும் காலைலதானுங்களே கூப்பிடுவீங்க. இருங்க, சிங்காநல்லூர்ல ஒரு ஏசி மாட்டப் போயிருந்தாப்ல, இப்பத்தான் வந்தாப்ல. ஏப்பா ஷிபு, அம்மா லைன்ல இருக்காங்க."

சிங்காநல்லூர் மஞ்சுவுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் இருக்கிறது. சித்தி மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், வளைகாப்புக்குப் போய் வந்திருக்கிறாள். காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு. அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டுதான் அவன் இத்தனை நாளும் முறியைக் காமி என்றிருக்கிறான். அவன் பின்னால் தெரிகிற நீலச் சுவரை அவள் மஸ்கட் என்று நம்பியிருக்கிறாள். ஒரு நாளாவது, நீங்க உங்க முறியைக் காமிங்க என்று அவள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை. நம்பிக்கை வைத்த ஆளிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா?

எப்போது வந்தான், எத்தனை மாதமாக அங்கே இருக்கிறான், அங்கே அவனுக்கு என்ன, யார்? ஒவ்வொரு கேள்வியாக மேலே வந்தது. அதையெல்லாம்விடக் கொடுமையாக இருந்தது, பதினொரு மணிக்கு அவன் பேசிய பேச்சு. அந்த இரண்டு நிமிஷத்தை மத்தியானம் முழுக்க மனதில் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்தாளே, அதை நினைத்தபோதுதான் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

முனியாயி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருமகளின் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கிவிட்டது. அதிதி அழுகையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். தனக்குத்தான் அடுத்த பேச்சு என்று அவளுக்கு எண்ணம்.

போனில் செருப்புச் சத்தம் கிட்டே வந்தது. மூச்சு வாங்கியது. போன் சத்தம் பெரிது, அடுக்களையில் நின்ற மூன்று பேருக்கும் கேட்டது.

"என்னம்மா இந்நேரத்துல? மஞ்சுவுக்கு எதாச்சும் அறிஞ்சுதா?"

மஞ்சு மகளின் நீட்டிய கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். போனை மாமியாரிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தான் அத்தே."

முனியாயி வாங்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது, மஞ்சூ, நான் சொல்லுதத ஒரு தடவ கேளு மோளே என்று. மஞ்சு அந்த மண் படிந்த கையை விரித்து, போனை அதில் வைத்தாள். பிறகு அதிதியை இழுத்துக்கொண்டு, மழை என்றும் பாராமல் வாசலில் இறங்கி நின்றாள். அப்பாகிட்ட நான் பேசணும் என்று பிள்ளை அவள் சேலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தது.

உள்ளே ஷிபு, அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் முனியாயியின் குரல் கேட்டது.

"அவதாம்ல இவ்வளவு நேரம் லைன்ல இருந்தா."